ஜப்பான் உளி கேட்டு வருகிறவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று பழமொழி உண்டு. ஹார்டுவேர் வியாபாரிகளாகிய நம்மில் சிலர், மட்டமான சரக்கைத் தள்ளிவிடுவதற்கு இந்தப் பழமொழியைச் சாக்காகச் சொல்கிறோம். வல்லவனுக்கு என்றுதான் பழமொழி சொல்கிறது. நாற்பது வருடம் உளி பிடித்த ஆசாரியிடம் எதைக் கொடுத்தாலும் அதைத் தீட்டி, பிடியை மாற்றி, வேலை வாங்கிவிடுவார். ஆனால் இன்று நம் கடைப்படி ஏறி "ஜப்பான் ரம்பம் இருக்கிறதா, ஜப்பான் உளி இருக்கிறதா" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஆசாரிகள் அல்ல. வேலையே இனிமேல்தான் பழகப் போகிறவர்கள்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரிகள், வீட்டில் ஒரு மூலையில் மேஜை போட்டுப் பொம்மையும் பெட்டியும் செய்ய விரும்பும் பெண்கள் என்று பலவகையினர் வருகிறார்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்குக்குப் பிறகு இப்படி வருகிறவர்களை நம் கவுன்டரில் அடிக்கடி பார்க்கிறோம். இவர்கள் வாங்கிச் செல்லும் கருவி சரியில்லாவிட்டால், குறை கருவியிலா, தம் கையிலா என்று கண்டுபிடிக்க இவர்களுக்குத் தெரியாது. "நமக்கு இந்த வேலை வராது" என்று தாங்களே முடிவு செய்து, கருவியைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். திருப்பிக் கொண்டுவந்து நம்மிடம் சண்டை போடவும் மாட்டார்கள். சண்டை போடுகிற வாடிக்கையாளரைச் சமாதானம் செய்யலாம். பேசாமல் போய்விடுகிறவரை என்ன செய்ய முடியும்?

ஆகவே, ஜப்பான் கைக்கருவி கேட்டு வரும் புதியவருக்கு எதை விற்க வேண்டும், எதை விற்கக்கூடாது என்பது பற்றி, இந்தச் சரக்கைக் கையாண்டு வரும் அனுபவத்தில் சில கருத்துக்களை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

எந்த ஊர்ச் சரக்கு?

முதலில் சரக்கின் பூர்வீகம் தெரிய வேண்டும். ஜப்பானில் தச்சுக் கருவிக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல. அவற்றில் நம் வியாபாரிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று ஹியோகோ மாகாணத்தில் உள்ள மிகி. மற்றொன்று நீகாதா மாகாணத்தில் உள்ள சான்ஜோ. மிகி கோட்டை 1580இல் முற்றுகையில் வீழ்ந்த பிறகு, அழிந்த ஊரைத் திரும்பக் கட்டுவதற்குத் தச்சரும் கொல்லரும் வந்து கூடினார்கள் என்றும், அதிலிருந்தே கருவித் தொழில் வேரூன்றியது என்றும் அவ்வூர் வரலாறு சொல்கிறது. சான்ஜோவில் வெள்ளத்தால் அவதிப்பட்ட விவசாயிகள் பக்கத் தொழிலாக ஆணி அடிக்க ஆரம்பித்து, பிறகு மற்ற கருவிகளுக்கு வந்தார்கள். மிகியின் அடித்துச் செய்த கருவிகளை ஜப்பான் அரசு 1996இலும், சான்ஜோவின் கருவிகளை 2009இலும் பாரம்பரியக் கைத்தொழில்களாக அறிவித்தது.

இந்த இரண்டு ஊர்களிலும் கொல்லர்கள் மட்டும் இல்லை, மொத்த வியாபாரிகளும் இருந்தார்கள். கொல்லர் பட்டறையில் செய்ததை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்று, தச்சர்கள் சொன்ன குறைநிறைகளைத் திரும்பக் கொல்லர் காதில் போட்டவர்கள் அவர்களே. நல்ல கருவி உண்டானதில் வியாபாரிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

செட்டு வியாபாரம் வேண்டாம்

புதியவர் வந்தவுடன் பத்து உளி அடங்கிய பெட்டியை எடுத்துக் காட்டுவது நம் வழக்கம். பில் பெரிதாகும். ஜப்பானிலும் பத்து உளி கொண்ட செட்டு உண்டுதான். ஆனால் அது தச்சுத் தொழிலையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்காக ஏற்பட்டது. கோபே நகரில் 1984 முதல் நடந்து வரும் தாகெனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம் ஒரு கணக்கைச் சொல்கிறது. 1943இல் டோக்கியோவில் எடுத்த ஆய்வுப்படி, ஒரு தச்சர் முறையாகக் கட்டிட வேலை செய்வதற்கு 179 கருவிகள் தேவைப்பட்டனவாம். அந்த 179ஐயும் அவர் ஒரே நாளில் வாங்கியிருக்க மாட்டார். வேலை கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார்.

புதியவர் பத்து உளி வாங்கினால், கையில் இருக்கும் பணத்தைப் பத்தாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பத்தும் இரண்டாந்தரமாக அமைகின்றன. அதே பணத்தில் இரண்டு முதல் தர உளி வாங்கலாம். "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று நம் முன்னோர் சொன்னது கருவிக்கும் பொருந்தும். நம்மைக் கேட்டால் புதியவருக்கு முதலில் விற்க வேண்டியவை ஒரு ரம்பம், இரண்டு உளி, தீட்டுக்கல், ஒரு சுத்தியல், ஒரு மூலைமட்டம். அவ்வளவுதான். அவற்றை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ரம்பம்

நம் கடைகளில் விற்கும் கை ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்பதால், தகட்டை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய தகடு குறைந்த மரத்தைத்தான் தின்னும், கைக்கும் பாரம் இல்லை. ஆனால் அதே காரணத்தால், தள்ளும்போது அழுத்தினால் தகடு மடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தைக் கடையிலேயே சொல்லி அனுப்பினால் பாதிப் புகார் வராது.

புதியவருக்கு ஏற்றது "ரியோபா" என்ற இரட்டைப் பல் ரம்பம். ஒரு பக்கம் மரத்தின் நாருக்குக் குறுக்கே அறுக்கும் பல், மறுபக்கம் நார்ப் போக்கில் நீளவாக்கில் அறுக்கும் பல். 240 மில்லிமீட்டர் அளவு எல்லா வேலைக்கும் ஒத்துவரும். முதுகில் பட்டை வைத்த "தோசுகி" என்ற ரம்பம் நுட்பமான மூட்டு வேலைக்கானது. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பிளேடு மாற்றும் ரம்பமா, கொல்லர் அடித்த ரம்பமா என்ற கேள்வி வரும். புதியவருக்குத் தயங்காமல் பிளேடு மாற்றும் வகையையே கொடுக்க வேண்டும். ஹியோகோ மாகாணத்தில் செய்யப்படும் கியோகுச்சோ, இசட் சா போன்ற பெயர்களில் நம்பகமான சரக்கு கிடைக்கிறது. இவற்றின் பல் நுனியை மின்சார முறையில் மிகவும் கடினமாக்கியிருப்பார்கள். நுனி சற்றுக் கருநீலமாகத் தெரியும். இப்படிப்பட்ட பல்லில் அரம் ஏறாது. தேய்ந்தால் பிளேடை மாற்ற வேண்டியதுதான். இதைச் சொல்லாமல் விற்றால், அவர் சாணைக்காரரிடம் கொண்டுபோய் நம்மைத் திட்டுவார். கொல்லர் அடித்த ரம்பம் உயர்ந்ததுதான். ஆனால் அதன் குறுக்கு வெட்டுப் பல்லைத் தீட்டுவது தனிக் கலை. ஜப்பானிலேயே அந்தக் கலை தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். இங்கே யாரிடம் கொண்டுபோவார்?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜப்பானியத் தச்சர்கள் அதிகம் அறுப்பது சுகி, ஹினோகி போன்ற மெதுவான மரங்களை. நம் ஊரில் தேக்கு, வேங்கை, வேம்பு என்று வைரம் பாய்ந்த மரங்கள். தேக்கில் மணல் சத்து வேறு இருக்கிறது, முனை சீக்கிரம் மழுங்கும். ஆகவே கடின மரத்துக்கென்று செய்யப்பட்ட பிளேடா என்று பார்த்து வாங்கி வைக்க வேண்டும். பழைய வீடு இடித்த மரத்தையோ பேக்கிங் பெட்டி மரத்தையோ வைத்துப் பழகுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே ஒரு ஆணி இருந்தால் போதும், பல் வரிசை உதிர்ந்துவிடும். ஆணி பார்த்து அறுக்கச் சொல்லுங்கள்.

உளி

நல்ல ஜப்பான் உளி இரண்டு இரும்பால் ஆனது. வெட்டும் பக்கத்தில் மெல்லிய, மிகக் கடினமான எஃகு. அதற்கு முதுகாக மெதுவான இரும்பு. இரண்டையும் காய்ச்சி அடித்து ஒன்றாக ஒட்ட வைத்திருப்பார்கள். உளியின் சரிவைப் பார்த்தால் பளபளப்பான எஃகும் மங்கலான இரும்பும் சேரும் கோடு தெரியும். முழுவதும் கடின எஃகாக இருந்தால் தட்டும்போது உடையும், தீட்டவும் மாளாது. முழுவதும் மெதுவாக இருந்தால் முனை நிற்காது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் கூர்மையும் உழைப்பும் கிடைக்கின்றன.

உளியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் குழிவாகவும், சுற்றிலும் தட்டையான விளிம்பாகவும் இருக்கும். குழிவு இருப்பதால் தீட்டும்போது கல்லில் படும் பரப்புக் குறைகிறது, சமமாக்குவதும் சுலபம். அந்தப் பின்பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் உளி திருகியிருக்கிறது என்று அர்த்தம். குழிவு ஒரு பக்கம் ஒதுங்கி, விளிம்பு ஒருபுறம் நூல்போல இருந்தாலும் அதை ஒதுக்கிவிடலாம். பிடியின் தலையில் இரும்புப் பூண் இருக்கும். பல உளிகளில் அந்தப் பூண் சரியாக உட்காராமலே வரும். அதைக் கழற்றி, மரத்தைச் சுற்றிலும் தட்டி ஒடுக்கி, பூணைச் சற்றுக் கீழே இறக்கி, மேலே நீட்டிய மரத்தை மடக்கிவிட வேண்டும். இதைக் கடையிலேயே செய்து கொடுத்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

பெட்டியில் "வெள்ளைக் காகித எஃகு", "நீலக் காகித எஃகு" என்று போட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் இரும்பில் வெள்ளையும் நீலமும் தேடுவார். அது இரும்பின் நிறமல்ல, எஃகு ஆலையில் ஒட்டிய காகிதத்தின் நிறம். ஷிமானே மாகாணத்து யாசுகியில் உள்ள ஆலை அது. வெள்ளை என்பது கலப்பு அதிகமில்லாத கரி எஃகு, கல்லில் சுலபமாகக் கூர் ஏறும். நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்த்திருக்கிறது. தீட்டச் சற்று நேரமாகும், கூர் நீண்ட நேரம் நிற்கும். தீட்டிப் பழக வேண்டியவருக்கு வெள்ளையே போதுமானது. அந்த ஆலையை நடத்திய ஹிட்டாச்சி மெட்டல்ஸ் கம்பெனி 2023இல் புரோடீரியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய பெட்டியில் ஒரு பெயரும் புதிய பெட்டியில் வேறு பெயரும் இருப்பதைக் கண்டு, ஒன்று போலி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

அளவில் 12 மில்லிமீட்டர் ஒன்று, 24 மில்லிமீட்டர் ஒன்று போதும். நம் ஊர்க் கடின மரத்துக்கு முனைச் சரிவை 30 டிகிரிக்கு மேல் சற்றுக் கூட்டித் தீட்டினால் முனை பொடியாது. இந்த எஃகு கடினமானது, அதனால் நெம்புவதற்கு ஆகாது. பெயின்ட் டப்பா திறக்க உளியை எடுக்கும் பழக்கம் இருந்தால், அவருக்கு ஒரு மலிவான ஸ்குரூடிரைவரைச் சேர்த்து விற்றுவிடுங்கள்.

தீட்டுக்கல்

கல் இல்லாமல் உளி விற்பது, திரி இல்லாமல் விளக்கு விற்பதற்குச் சமம். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஜப்பான் உளி முழுக் கூர்மையுடன் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. வாங்குகிறவர் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் முறை. 1000 நம்பர் கல் ஒன்றும், 6000 நம்பர் கல் ஒன்றும் போதும். ஒரே கல்லில் இரண்டு பக்கமும் இருப்பதும் கிடைக்கிறது. பல காலமாகப் பெயர் பெற்ற கிங் கல்லில் அவ்வகை உண்டு.

இவை தண்ணீர்க் கற்கள். எண்ணெய் விடக்கூடாது. சொரசொரப்பான பக்கத்தை ஐந்து, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துத் தீட்ட வேண்டும். சரிவுப் பக்கத்தைத் தேய்த்து, பின்பக்கத்தில் பிசிறு விரலில் தட்டுப்பட்டதும் மெல்லிய கல்லுக்குப் போகலாம். தீட்டத் தீட்டக் கல் நடுவில் குழியும். கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, அதில் கல்லைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். குழிந்த கல்லில் எவ்வளவு நல்ல உளியும் கெட்டுப்போகும். ஈரக்கல்லை வெயிலில் வைத்தால் வெடிக்கும். இதையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் தமிழில் அச்சடித்துக் கல்லோடு கொடுத்தால் செலவு சில பைசாதான்.

சுத்தியல், மூலைமட்டம், இழைப்புளி

ஜப்பான் சுத்தியல் "கென்னோ" எனப்படும். ஒரு முகம் தட்டை, மறு முகம் லேசான புடைப்பு. தட்டை முகத்தால் உளியையும் ஆணியையும் அடிப்பார்கள். ஆணியின் கடைசி அடியைப் புடைப்பு முகத்தால் அடித்தால் மரத்தில் சுத்தியல் தழும்பு விழாது. 375 கிராம் எடை பொதுவான அளவு. இந்த எண் ஏன் இப்படி என்று கேட்பார்கள். ஜப்பானின் பழைய நிறையில் ஒரு மொன்மே 3.75 கிராம். அதில் நூறுதான் இது. மூலைமட்டத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சான்ஜோவின் ஷின்வா போன்ற நல்ல பெயருள்ள அளவுகோல், மூலைமட்டம் விலைக்குத் தகுந்த சரக்கு. மட்டம் தவறினால் மற்ற எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இழைப்புளி பற்றி நம் கருத்துக்கு எதிர்க்கருத்து இருக்கலாம். "கன்னா" என்ற அந்த ஜப்பான் இழைப்புளியைப் புதியவருக்கு முதலில் விற்க வேண்டாம் என்கிறோம். காகிதம்போல் சுருள் வருவதைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசையோடு கேட்பார்கள். ஆனால் அது வாங்கியவுடன் வேலை செய்யும் கருவி அல்ல. மரக்கட்டையின் அடிப்பக்கத்தைச் சீவிச் சரிசெய்து, தகட்டைக் கட்டைக்குப் பொருத்தி, சுத்தியலால் தட்டித் தட்டி அளவு வைக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றுக்குக் கட்டை ஊதும், கோடையில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். உளி தீட்டப் பழகிய பிறகு அவரே வந்து கேட்பார். அப்போது விற்றால் கருவிக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை.

லேபிளைப் படித்து வாங்குவோம்

"ஜப்பான் மாடல்", "ஜப்பான் ஸ்டைல்", "ஜப்பான் டெக்னாலஜி" என்று பெட்டிமேல் பெரிய எழுத்தில் போட்டு வரும் சரக்கு ஏராளம். இவற்றுக்கும் ஜப்பானில் செய்தது என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இறக்குமதிப் பொட்டலத்தில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படித்தால் உண்மை தெரியும். வேறு நாட்டில் செய்த இழுப்பு ரம்பம் எல்லாமே மோசம் என்று நாம் சொல்லவில்லை. அதை அதன் பெயரில், அதன் விலையில் விற்கட்டும். ஜப்பான் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

"பெரிய பில்லைக் கையால் தள்ளிவிட்டு இரண்டு உளி விற்கச் சொல்கிறீர்களே, கடை வாடகையை யார் கொடுப்பது?" என்று இளைய உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து உளிப் பெட்டி ஒரு நாள் வியாபாரம். அதில் ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார். நல்ல ரம்பம் வாங்கியவர் பிளேடுக்கு வருவார். ஒரு கம்பெனி பிளேடு பெரும்பாலும் இன்னொரு கம்பெனிப் பிடியில் பொருந்தாது என்பதால், பிளேடு இருப்பு வைத்திருக்கும் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆகவே பிளேடு கிடைக்காத ரம்பத்தை நாமும் வாங்கக்கூடாது, விற்கவும் கூடாது. உளி பழகியவர் மூன்றாவது உளிக்கு வருவார், இழைப்புளிக்கு வருவார், கூடவே நண்பரையும் அழைத்து வருவார்.

இன்று வீட்டு வாசலுக்கே சரக்கு வந்து சேர்கிறது. விலையில் அவர்களோடு போட்டி போட்டு ஜெயிப்பது நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கடினம். ஆனால் உளியைக் கண்ணாடிமேல் வைத்து ஆட்டம் பார்த்துக் கொடுக்கவும், பூண் இறக்கிக் கொடுக்கவும், "இது உங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்லவும் கவுன்டருக்குப் பின்னால் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்குச் சரக்கு தெரிந்திருக்க வேண்டும். கடைப் பையன்களுக்கு விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு பழைய உளியையும் ஒரு கல்லையும் கொடுத்து, மதிய நேரத்தில் தீட்டிப் பார்க்கவும் சொல்ல வேண்டும். ஒருமுறை தீட்டியவன் சொல்லும் வார்த்தைக்கு வாடிக்கையாளரிடம் மதிப்பு வேறு.

இருப்பு வைப்பதிலும் கவனம் தேவை. இவை பெரும்பாலும் துருப்பிடிக்கும் கரி எஃகு. மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி, ஈரச்சுவரை விட்டு விலக்கி வையுங்கள். கைபட்ட உளியைத் துடைத்து வைக்காவிட்டால் விரல் ரேகையே துருவாகிவிடும். துருப்பிடித்த உளியைத் தேய்த்துப் புதிது என்று விற்கும் நிலை நமக்கு வரக்கூடாது.

மரவேலையைக் காசுக்காக இல்லாமல் ஆசைக்காகக் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறை கடை தேடி வருகிறது. அவர்கள் கையில் வேலை வந்துவிட்டால் இருபது வருட வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். வராமல் போனால் அந்த ஆசையோடு நம் வியாபாரமும் பரண் ஏறிவிடும். முதலில் விற்கும் அந்த ஒரு ரம்பத்தையும் இரண்டு உளியையும் நம் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.